ரூட்டரை மாற்றும் முன்: தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

வீடு வீடாகப் போய் நெட் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். கிரிம்பிங் டூல் பிடிக்கவும் பவர் மீட்டர் பார்க்கவும் ஒரு வாரத்தில் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். “வைஃபை சரியா வரல, எந்த ரூட்டர் வாங்கலாம்?” என்று வீட்டுக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்காரர் விலை கூடிய பெட்டியைக் காட்டுவார். இணைப்புக் கம்பெனிக்காரர் பெரிய பிளானைக் காட்டுவார். பல வீடுகளுக்கு இரண்டுமே தேவைப்படாது.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடி. பிறகு ரூட்டரின் இடத்தை மாற்று. அதிலும் தீராவிட்டால் கம்பி இழு. காசு செலவழித்துப் புதுப் பெட்டி வாங்கச் சொல்வது கடைசியில்தான். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையின் விரிவு.

1. பையைத் திறக்கும் முன் கேள்வி கேள்.

“நெட் ஸ்லோவா இருக்கு” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. எந்த அறையில்? எந்த நேரத்தில்? எல்லா போனிலுமா, ஒன்றில் மட்டுமா? படம் பார்க்கும்போதா, ஆபீஸ் மீட்டிங்கில் பேசும்போதா? கடைசி அறையில் மட்டும், நாள் முழுக்க என்றால் சுவரையும் தூரத்தையும் சந்தேகப்படு. வீடு முழுக்க, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் என்றால் லைனில் நெரிசல் இருக்கலாம், அக்கம்பக்கத்து வைஃபைகளின் மோதலும் இருக்கலாம். ஒரே போனில் மட்டும் என்றால் ரூட்டரைத் தொடாதே, போனைப் பார். யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது, வீடியோ காலில் மட்டும் குரல் வெட்டுகிறது என்றால் குறை வேகத்தில் இல்லாமல் இருக்கலாம். படம் கொஞ்சம் முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்துகொண்டு ஓடும். பேச்சுக்கு அந்த அவகாசம் கிடையாது. சிக்னல் ஒரு நொடி தடுமாறினாலும் அது காதில் தெரிந்துவிடும். இந்த ஐந்து நிமிட விசாரணை பாதி வேலையை முடித்துவிடும்.

2. கோளாறு லைனிலா, வைஃபையிலா என்று பிரி.

லேப்டாப்பை ரூட்டரின் லேன் போர்ட்டில் கம்பியால் இணைத்து வேகத்தைச் சோதி. 100 மெகாபிட் பிளானில் கம்பி வழியே 90க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, குறை வீட்டுக்குள் காற்றில்தான். கம்பியிலேயே 20 வந்தால் ரூட்டரை மாற்றிப் பெரும்பாலும் பயனில்லை, முதலில் லைனைப் பார்.

ஃபைபர் வீட்டில், ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். சிவப்பு எரியாவிட்டாலும் பவர் மீட்டர் வை. வழக்கமான ஜிபான் இணைப்பில் பெட்டி ஏற்கும் எல்லை ஏறக்குறைய மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை. மைனஸ் 25ஐத் தாண்டிக் கீழே போய்விட்டதென்றால் இன்று ஓடினாலும் நாளை நின்றுவிடலாம். கனெக்டரைத் துடை, பேட்ச் கார்டு கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் மடங்கியிருக்கிறதா என்று பார். பச்சைத் தலை கனெக்டரின் முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத் தலையின் முனை அப்படியல்ல. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்காதே. எரிகிற ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதை அடியோடு விட்டுவிடு. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

3. பெரிய பிளானை மருந்தாக எழுதித் தராதே.

பிளானில் இருப்பது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது திரையில் காண்பது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 மெகாபிட் பிளானில் நொடிக்கு 12 மெகாபைட் காட்டினால் ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை, அது சரியான கணக்கு. இதை வீட்டுக்காரருக்குப் பொறுமையாகச் சொல். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

4கே படம் ஒன்றுக்கு 15 முதல் 25 மெகாபிட் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 மெகாபிட் தாராளம். கடைசி அறைக்கு 5 மெகாபிட்தான் போய்ச் சேருகிறது என்றால் பிளானை 300க்கு ஏற்றினாலும் அங்கே அதே 5தான்.

4. சிக்னல் கோடுகளை நம்பாதே, எண்ணைப் பார்.

போனில் தெரியும் கோடுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொள். அது டிபிஎம் கணக்கில் எண் காட்டும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 75ல் தடுமாறும். 80ஐத் தாண்டினால் பெயர் தெரியும், வேலை நடக்காது. மூன்று டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிவிட்டது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்பதை மனப்பாடம் செய்துகொள்.

உதாரணத்துக்கு, 30 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ள ஒரு தளத்து வீடு. முன்வாசல் போர்ட்டிகோ சுவரில், மீட்டர் பாக்ஸுக்கு மேலே கேபிள் நுழைகிறது. அதற்கு நேர் உள்பக்கம் ரூட்டரை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஹாலில் மைனஸ் 48, சமையலறையில் மைனஸ் 66, பின்பக்கப் படுக்கையறையில் மைனஸ் 82 என்று வைத்துக்கொள். இந்த மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் வீட்டின் படம் போட்டுக் குறி. சிக்னலில் பாதி வாசலுக்கும் தெருவுக்கும் போய்க்கொண்டிருப்பது வீட்டுக்காரருக்கே புரியும். இடத்தை மாற்றிய பிறகு அதே மூன்று இடத்தில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுது. உன் வேலைக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

5. பேச்சு இருவழி என்பதை மறக்காதே.

“ரேஞ்ச் ஜாஸ்தி உள்ள ரூட்டர்” என்று கேட்பார்கள். ரூட்டர் கரண்டில் ஓடுகிறது, உரக்கப் பேசும். போன் பேட்டரியில் ஓடுகிறது, அது மெல்லத்தான் பேசும். ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்கிறது, போன் சொல்வது ரூட்டருக்குக் கேட்கவில்லை என்றால் கோடு நிறைய இருந்தும் பக்கம் திறக்காது. மேலும், ஒரு சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். தூரத்து அறையில் இருக்கும் போன் தட்டுத்தடுமாறி மெதுவாகப் பேசினால் மற்றவர்களின் நேரத்தையும் அதுவே தின்றுவிடும். கடைசி அறையைச் சரி செய்தால் ஹாலிலும் வேகம் கூடுவது இதனால்தான்.

6. ரூட்டருக்கு வீட்டின் நடுவில் இடம் பிடி.

செலவில்லாத வைத்தியம் இதுதான். ரூட்டர் வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நாலா பக்கமும் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அது இருக்கும் இடமோ டிவி ஷோகேஸுக்குள், கொலு பொம்மைகளுக்குப் பின்னால். அல்லது பரணில், பழைய பாத்திரங்களுக்கு நடுவில். பார்க்க அழகாக இல்லை என்று ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்து வைத்த ரூட்டர் சூடேறும், சிக்னலும் குறையும்.

சுவர்களிலும் வேறுபாடு உண்டு. பிளைவுட் தடுப்பைச் சிக்னல் எளிதில் தாண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பாதிக்கு மேல் ஆற்றலைத் தின்னும். கம்பி கட்டிய காங்கிரீட் தூணும் தளமும் அதைவிட மோசம். இரும்பு பீரோ, பிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி ஆகியவற்றில் இருப்பது உலோகம் அல்லது உலோகப் பூச்சு, சிக்னலைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். அதனால் மீன் தொட்டிக்குப் பின்னாலும் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்திலும் வைக்காதே. ரூட்டர் இருக்கும் இடத்துக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் மனதில் ஒரு நேர்கோடு போட்டுப் பார். சுவரை அது நேராகக் கடந்தால் ஒன்பது அங்குலம். சாய்வாகக் கடந்தால் அதே சுவர் இன்னும் கனமாகிவிடும்.

செட்டிநாட்டுப் பக்கம் உள்ள பெரிய வீடுகளில் கனத்த சுவர்களும் நடுவில் திறந்த முற்றமும் உண்டு. அங்கே முற்றத்தைப் பார்த்தாற்போல ரூட்டரை மாட்டினால் சுற்றியுள்ள வாசல்கள் வழியே அறைகளுக்குள் சிக்னல் போகும். வீட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாதிக் கருவி மிச்சம்.

கேபிள் வாசலில் நுழைகிறது என்பதற்காக ரூட்டரும் வாசலிலேயே இருக்க வேண்டியதில்லை. ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும். அங்கிருந்து நடு வீட்டுக்கு ஒரு லேன் கம்பி இழுத்து ரூட்டரை அங்கே வை.

7. ஆண்டெனாவை நிமிர்த்தி வை.

குச்சி ஆண்டெனாவின் நுனியிலிருந்துதான் சிக்னல் பாய்கிறது என்று பலரும் நினைத்து, அதை அறைப் பக்கம் நீட்டிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறு. நிற்கும் குச்சியைச் சுற்றி மெதுவடை வடிவில் சிக்னல் பரவும், குச்சி இருப்பது வடையின் ஓட்டையில். பக்கவாட்டில் பலமாகவும் மேலும் கீழும் சொற்பமாகவும் இருக்கும். ஒரே தளத்து வீட்டில் எல்லாக் குச்சியையும் நேராக நிறுத்து. மாடிக்கும் கொஞ்சம் போக வேண்டும் என்றால் ஒரு குச்சியை மட்டும் படுக்க வை. குச்சி எண்ணிக்கை கூடினால் தூரம் கூடும் என்பதும் பொய். பெரும்பாலான போன்களில் இரண்டு ஆண்டெனாதான். எட்டுக் குச்சி ரூட்டரோடும் அது இரண்டால்தான் பேசும்.

8. 2.4, 5 இரண்டின் குணத்தையும் தெரிந்துகொள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான், அது ஓடும்போது பக்கத்தில் இருக்கும் வைஃபை திணறும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் உண்டு, இடமும் உண்டு, சுவர்தான் அதற்குப் பகை. ரூட்டர் இருக்கும் அறையிலும் பக்கத்து அறையிலும் 5, அதற்கு அப்பால் 2.4 என்று கணக்கு வைத்துக்கொள்.

வைஃபை பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று இருந்தால் அது மொபைல் 5ஜி அல்ல. அங்கே 5 என்பது அலைவரிசை, மொபைலில் 5 என்பது தலைமுறை. “எங்க போன் 4ஜி போன், அதுல இது வருமா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிரிக்காமல் விளக்கு.

இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்தால் போனே பார்த்து மாறிக்கொள்ளும், வீட்டிலுள்ளவர்களுக்குத் தொல்லை இல்லை. வைஃபை கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் பல 2.4ஐ மட்டுமே பிடிக்கும். அவை இணைய மறுத்தால் மட்டும் பெயரைத் தனித்தனியாகப் பிரி.

9. அபார்ட்மென்ட்டில் சேனலைப் பார்.

நம் நாட்டில் 2.4ல் 13 சேனல்கள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபைக்கு வேண்டிய அகலமோ 20. ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான். இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதில் போடு. மூன்றிலும் கூட்டம் என்று 3லோ 9லோ போய் உட்காராதே. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு முறை வைத்துப் பேசுவார்கள். பாதி இடிக்கும் சேனலில் இருப்பவருக்கு மற்றவர் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும், இரண்டு வீட்டுக்கும் கெடுதல். சேனல் அகலம் 40 என்றிருந்தால் 2.4ல் அதை 20ஆகக் குறை. 5 கிகாஹெர்ட்ஸில் 80 இருக்கட்டும்.

10. பெட்டி மேல் உள்ள எண்ணைப் பிரித்துப் படி.

‘ஏசி1200’ என்றால் 1200 மெகாபிட் கிடைக்கும் என்று பொருளல்ல. 2.4ல் 300, 5ல் 867, இரண்டையும் கூட்டி வட்டமாகப் போட்ட எண் அது. எந்த போனும் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இருக்கும். அந்த 867ம் ரூட்டருக்குப் பக்கத்தில் நின்றால் காகிதத்தில் வரும் எண். கையில் கிடைப்பது நல்ல நிலையிலேயே ஏறக்குறைய பாதி, சுவர் வந்தால் இன்னும் குறையும். ‘ஏஎக்ஸ்1500’ என்றால் 300ம் 1201ம். ‘ஏஎக்ஸ்3000’ என்றால் 574ம் 2402ம், அந்த 2402 வர போனும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடிக்க வேண்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்: போர்ட் வேகம். ஏசி1200 என்று தலைப்புப் போட்ட விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் வான், லேன் போர்ட் எல்லாமே 100 மெகாபிட். வீட்டுக்காரர் 300 பிளான் வைத்திருப்பார். உள்ளே வரும் வாசலே 100 என்றால் வைஃபையில் எதைச் செய்து என்ன? 95க்கு மேல் ஏறாது. 100க்கு மேற்பட்ட பிளான் என்றால் ‘கிகாபிட் போர்ட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கச் சொல்.

11. தலைமுறை பார்த்து வாங்கச் சொல், கடைசித் தலைமுறைக்கு ஆசைப்படச் சொல்லாதே.

வைஃபை 4, 5, 6 என்ற எண்கள் 2018ல் வந்த சுருக்கப் பெயர்கள். 2009ன் 802.11என் தான் 4. 2013ன் ஏசி தான் 5, அது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். ஏஎக்ஸ் என்பது 6, அது இரண்டு பட்டையிலும் உண்டு. ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் வைஃபை 6ன் தனித் திறமை. போன், டிவி, கேமரா, லேப்டாப் என்று பத்துப் பன்னிரண்டு கருவி உள்ள வீட்டுக்கு இன்று புதிதாக வாங்கினால் வைஃபை 6, இரண்டு பட்டை, கிகாபிட் போர்ட் போதும்.

வைஃபை 6இ, 7 ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை. 6இ என்பதன் சிறப்பே 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைதான். நம் நாட்டில் அந்தப் பட்டையின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிட வரைவு விதிகள் வந்ததே 2025 மே மாதம். வீட்டிலுள்ள போனும் லேப்டாப்பும் அதைப் பிடிக்காவிட்டால் கொடுத்த காசு அலமாரியில்தான் இருக்கும். அந்தப் பட்டை சுவரைத் தாண்டுவதில் 5ஐவிடச் சோப்ளாங்கி என்பதையும் சொல்.

12. கம்பிக்கு ஈடு கம்பிதான்.

நகராத கருவி எதையும் வைஃபையில் விடாதே. டிவி, டெஸ்க்டாப், கேமரா ரெக்கார்டர் மூன்றையும் லேன் கம்பியில் போட்டால் காற்றில் நெரிசல் குறைந்து போன்களுக்கு இடம் கிடைக்கும். கேட் 5இ கம்பியே கிகாபிட் தாங்கும், புதிதாக இழுத்தால் கேட் 6 இழு. ஒரு ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசிய கம்பி மலிவாகக் கிடைக்கும், வாங்காதே. ஜாக்கில் கடி சரியாக நிற்காது, வளைத்தால் முறியும். எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் சரியாகக் கடித்திருந்தால் இணைப்பு வரும், ஆனால் 100க்கு மேல் ஏறாது. “புது ரூட்டர், புது பிளான், ஆனாலும் 94தான்” என்ற புகார் வந்தால் முதலில் ஜாக்கைச் சோதி.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர் யாராவது தெரிந்தால், பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு அறைக்கும் லேன் கம்பிக்கென்று தனி பைப் போடச் சொல். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கம்பியையும் திணிக்க விடாதே. மொட்டை மாடி வழியாகத் திறந்த வெளியில் லேன் கம்பி இழுத்தால் இடி மின்னலில் போர்ட் எரியும். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு என்றால் ஃபைபர்தான் சரி.

13. ரிப்பீட்டர், மெஷ் வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்.

பிளக்கில் சொருகும் சின்ன ரிப்பீட்டர், வரும் சிக்னலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொன்னால் வேகம் பாதியாகும். மேலும் அதைச் சிக்னல் செத்துப்போன கடைசி அறையில் சொருகுவார்கள். அங்கே அதற்கே எதுவும் கேட்காது, எதைத் திருப்பிச் சொல்லும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவழியில், மைனஸ் 60 அளவில் சிக்னல் உள்ள இடத்தில் சொருக வேண்டும். ஒரு படுக்கையறையில் வாட்ஸ்அப்பும் பாட்டும் ஓடினால் போதும் என்பவருக்கு ரிப்பீட்டர் போதும்.

மெஷ் என்பது ஒரே பெயரில் ஒத்துழைத்து ஓடும் இரண்டு மூன்று பெட்டிகள். மாடி வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் மெஷ் பெட்டிகளும் தங்களுக்குள் காற்றில் பேசிக்கொண்டால் அதே நேரத்தைத்தான் பங்கிடும். அவற்றுக்கு நடுவே ஒரு லேன் கம்பி கொடுத்துவிட்டால் கதையே வேறு. மாடிக்குக் கம்பி போகும் வீட்டில் விலை கூடிய மெஷ் கூடத் தேவையில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, அதே பெயர், அதே பாஸ்வேர்டு, வேறு சேனல் கொடுத்து மாடியில் வை.

எந்தப் பெட்டியோடு இணைவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான். மாடிக்கு ஏறிய பிறகும் சில போன்கள் கீழ்ப்பெட்டியையே பிடித்துத் தொங்கும். இரண்டு பெட்டியின் பவரையும் ஒரு படி குறைத்தால் போன் சீக்கிரம் மாறும். பவரைக் கூட்டுவதுதான் எப்போதும் வைத்தியம் என்று நினைக்காதே.

14. ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர் சண்டை போட விடாதே.

இணைப்புக் கம்பெனி தரும் ஓஎன்டியிலேயே பல சமயம் ரூட்டரும் வைஃபையும் சேர்ந்தே இருக்கும். வீட்டுக்காரர் கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டுவார். இரண்டும் வைஃபை பரப்பும், இரண்டும் முகவரி கொடுக்கும். டிவிக்கு போனிலிருந்து படம் அனுப்ப முடியாது, பிரின்டர் காணாமல் போகும், சில விளையாட்டுகள் இணையாது. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் போட்டு அதன் ரூட்டர் வேலையை நிறுத்து, அல்லது புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்று. ஒன்றுதான் வீட்டுக்குத் தலைமை. பயன்படுத்தாத வைஃபையை அணைத்துவிடு.

15. கரண்ட்டையும் கவனி.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் கரண்ட் போனால் நெட் போகும். பல சமயம் ரூட்டர் சொருகிய பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. முதலில் அதைப் பார். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரூட்டருக்கென்றே வரும் மினி யூபிஎஸ் போதும், ஆனால் ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். சில பெட்டிகள் 12 வோல்ட், சில 9 வோல்ட். பின் ஒன்றுபோல இருக்கிறது என்று மாற்றிச் சொருகினால் பெட்டி எரிந்துவிடலாம். அடிக்கடி தானாக அணைந்து எழும் ரூட்டருக்குப் பெரும்பாலும் அடாப்டர்தான் நோய். பிஐஎஸ் முத்திரை உள்ள நல்ல அடாப்டரை மாற்றிப் பார்த்த பிறகே ரூட்டரைக் குறை சொல்.

16. பூட்டுப் போட்டுவிட்டு வெளியே வா.

ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு பெட்டியில் வந்தபடியே இருக்கக் கூடாது. வைஃபைக்கு டபிள்யூபிஏ2, கருவிகள் ஏற்றால் டபிள்யூபிஏ3 போடு. பழைய டபிள்யூஇபி பூட்டே அல்ல. பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் எட்டு இலக்க எண்ணில் ஓட்டை இருப்பது 2011லேயே வெளிவந்துவிட்டது, அதை அணைத்துவிடு. செல் நம்பரையும் குழந்தையின் பெயரையும் பாஸ்வேர்டாக வைக்க விடாதே. நான்கு ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், உடைப்பதும் கடினம். விருந்தினருக்கும் வைஃபை கேமராவுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடு. ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடு.

பாஸ்வேர்டை வீட்டுக்காரரே தட்டச்சு செய்யட்டும். நீ முகத்தைத் திருப்பிக்கொள். உன் போனில் சேமித்திருந்தால் வெளியே வரும் முன் அழித்துவிடு.

17. வீடு அவர்களுடையது.

செருப்பை வெளியே விடு. ட்ரில்லிங் போடும் முன் எந்தச் சுவர், எந்த உயரம் என்று காட்டிக் கேள். பூஜையறைச் சுவரில் கேட்காமல் ஓட்டை போடாதே. உள்ளே கரண்ட் ஒயரும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று விசாரி. சிமென்ட் தூளை நீயே கூட்டு. கிளம்பும் முன் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து, எந்த விளக்கு எரிந்தால் சரி, எது சிவந்தால் போன் செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடு. நீ அளந்து எழுதிய தாளை ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வா. அடுத்து வரும் தொழிலாளிக்கு அது உதவும். அடுத்து வருவது நீயாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புது ரூட்டர் விற்றால் கமிஷன் உடனே கிடைக்கும். இடத்தை மாற்றிக் கொடுத்தால் கிடைப்பது கூலி மட்டும். ஆனால் தேவையில்லாத பெட்டியை வாங்கிய வீட்டிலிருந்து இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். செலவு வைக்காமல் சரி செய்து கொடுத்த வீடு, தெருவுக்கே உன் நம்பரைக் கொடுக்கும். எந்த ரூட்டர் வாங்கலாம் என்று யார் போனில் கேட்டாலும், பெயரைச் சொல்லாதே. “வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்.